சாலையோரப் பாதுகாப்பு வடிவமைப்பு

சாலையோரப் பாதுகாப்பு வடிவமைப்பு என்பது, சாலையை விட்டு விலகிச் செல்லும் ஊர்தியில் இருப்போர் உயிரிழக்காமலும் கடும் காயமடையாமலும் இருக்கும்படி சாலையின் ஓரத்தை அமைக்கும் முறை ஆகும். உறக்கம், கவனக்குறைவு, மிகுவேகம், ஈரமான தளம், குறுக்கிடும் விலங்கு எனப் பல காரணங்களால் ஊர்தி விலகலாம். இவற்றை முழுவதும் தடுக்க இயலாது. எனவே ஓட்டுநர் பிழை செய்தாலும் அதற்கு உயிர் விலையாகக் கூடாது என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மில்ஃபோர்டு என்னும் இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தடங்கள் உள்ளன. அங்கு தேர்ந்த ஓட்டுநர்களின் ஊர்திகளும் தடத்தை விட்டு விலகின. இதனைப் பொறியாளர் கென்னத் ஸ்டோனெக்ஸ் ஆராய்ந்தார். விலகிய ஊர்திகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு 30 அடிக்கு (9 மீட்டர்) அப்பால் செல்லவில்லை. 1967 இல் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அலுவலர் சங்கம் வெளியிட்ட அறிக்கை, அதிவேகச் சாலைகளின் ஓரத்தில் இந்த அகலத்துக்குத் தடையற்ற நிலம் இருக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. பின்னர் வந்த வழிகாட்டிகளில், வேகம், போக்குவரத்து அளவு, நிலச்சரிவு ஆகியவற்றுக்கு ஏற்ப இவ்வகலம் மாறுபடுகிறது.

வழிமுறைகள்

ஓரத்தில் உள்ள மரம், கம்பம், மதகுச் சுவர் போன்ற தடைகளைப் பின்வரும் வரிசையில் அணுகுவர்:

1. தடையை அகற்றுதல்.
2. மோதினாலும் கேடு விளையாதவாறு மாற்றியமைத்தல்.
3. சாலையிலிருந்து தொலைவாக நகர்த்துதல்.
4. மோதியதும் அடியில் விடுபடும் கம்பங்களைப் பயன்படுத்துதல்.
5. தடுப்பு வேலி அல்லது மோதல் தாங்கியால் மறைத்தல்.
6. இவை எதுவும் இயலாவிடில், தடையை ஓட்டுநருக்குத் தெளிவாகக் காட்டுதல்.

சரிவு

சாலையோரச் சரிவு கிடைமட்டமாக 4 அடிக்கு 1 அடி இறங்கினாலோ, அதைவிட மென்மையாக இருந்தாலோ ஓட்டுநர் ஊர்தியைக் கட்டுப்படுத்தித் திரும்ப வாய்ப்புண்டு. 3 அடிக்கு 1 அடியை விடச் செங்குத்தானால் ஊர்தி கவிழும் வாய்ப்பு மிகுதி.

விடுபடும் கம்பம்

இதன் ஒரு வகையில், கம்பமும் அடித்தளமும் திறந்த பிளவுகளில் பொருத்திய மரையாணிகளால் இணைக்கப்படுகின்றன. ஊர்தி மோதியதும் ஆணிகள் நழுவ, கம்பம் விடுபடுகிறது. காற்றின் விசையை இவ்விணைப்பு தாங்கும். ஆயினும் நடைபயணிகள் மிகுந்த இடங்களில், விழும் கம்பம் அவர்களைத் தாக்கக்கூடும் என்பதால் இதனைத் தவிர்ப்பர்.

தடுப்பு வேலி

தடுப்பு வேலியும் ஒரு தடையே. அதன் பின்னுள்ள பொருளில் மோதுவதைவிட வேலியில் மோதுவது குறைந்த கேடு தரும் இடங்களில் மட்டுமே அது பொருந்தும். வேலியின் முனையும் கவனத்துக்குரியது. பாதுகாப்பின்றி விடப்பட்ட முனை ஊர்தியைத் துளைக்கலாம். தரையை நோக்கி வளைத்துப் புதைத்த முனை, ஊர்தி அதன்மேல் ஏறிக் கவிழக் காரணமாகலாம். ஆகவே மோதலின் ஆற்றலை உள்வாங்கும் முனைகள் உருவாக்கப்பட்டன.