நகலை நகலென்றே விற்றல்

1341ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளத்தில் உருவானதென்று சொல்லப்படும் வைப்பின் தீவிலிருந்து படகில் ஏறி, ஃபோர்ட் கொச்சித் துறையில் இறங்கி, மட்டாஞ்சேரிக்கு வேலைக்கு வருவோருள் நினைவுப்பொருள் கடைகளின் சிப்பந்திகளும் உண்டு. அவர்களில் முதலாளியாகவும் இன்றி வெறும் விற்பனையாளராகவும் இன்றி இடைநிலையில் நிற்பவர் உதவி மேற்பார்வையாளர். காலையில் கல்லாவின் சில்லறையை எண்ணிக் குறிப்பதும், இருப்புப் புத்தகத்தோடு அலமாரிகளை ஒத்துப் பார்ப்பதும், மாலையில் ரசீதையும் ரொக்கத்தையும் நேர் செய்வதும் எந்தக் கடைக்கும் பொதுவான காரியங்கள். மட்டாஞ்சேரியிலோ இப்பதவிக்கு வேறொரு பாரமும் உண்டு: நகலை நகலென்றே சொல்லி விற்பது.

1555ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்தமையால் டச்சு அரண்மனை என்றே பிரசித்தி பெற்ற மாளிகையில், பள்ளியறைச் சுவரெங்கும் விரியும் ராமாயண சித்திரங்களையும், 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தில், ஒன்றுபோல் மற்றொன்று இராத சீனத்து நீல ஓடுகளையும் கண்டு பிரமித்து வெளியே வரும் பிரயாணி, வீதியில் பித்தளைப் பூணிட்ட ஆமாடப் பெட்டி என்னும் நகைப்பெட்டி ஒன்றைக் கையிலெடுத்து, “இது பழையதா?” என்று கேட்பார். ‘ஆம்’ என்றால் விலை ஏறும்; ஆனால் ஆபத்தும் ஏறும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த கலைப்பொருளையும், எழுபத்தைந்தாண்டைக் கடந்த அரிய கையெழுத்துச் சுவடியையும் தனிநபர் எவரும் அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. ஆகவே, பழமையின் சாயலுள்ள புதுப்பொருளை வாங்கிச் செல்பவருக்குத் தொல்லியல் துறையினர் வழங்கும், ‘இது தொல்பொருள் அன்று’ என்னும் சான்றிதழே சில சமயம் துணையாகிறது. பழையதென்று நம்பி வாங்கியவர், புதியதென்று நிரூபிக்க அலைவது சற்று வேடிக்கைதான்.

ஆரன்முளைக் கண்ணாடியில் சங்கடம் வேறு விதமானது; அது அசல்தானா என்பதே கேள்வி. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அதன்மேல் விரல் நுனியை வைத்தால், விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளியே தோன்றாது. ரசம் பூசிய சாதாரணக் கண்ணாடியிலோ அந்த இடைவெளி தெரியும். நான்கு சொற்பொழிவுகள் செய்யாத காரியத்தை இந்த ஒரு பரீட்சை செய்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளியன்று அரண்மனையும் சனியன்று ஜெப ஆலயமும் மூடியிருக்குமாதலால், வார வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் அதற்கேற்ப அமையும். ஜூனில் மழை பிடித்தால் பிரயாணிகள் அருகிவிடுவர். அப்போதுதான் காகிதத்தில் பூஞ்சணம் படர்வதும், பித்தளை கறுப்பதும், மரப்பெட்டி மூடிகள் ஊதி இறுகுவதுமாக வேலை பெருகுகிறது.

2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளரின் துணிகள் சேற்றில் மூழ்கிக் கெட்டபோது, தொண்டர்கள் அவற்றைச் சுத்தம் செய்து ‘சேக்குட்டி’ என்னும் சிறு பொம்மைகளாக்கினர். ஒரு சேலையிலிருந்து முந்நூற்றறுபது பொம்மைகள் வரை கிடைத்தன. அத்தகைய பொம்மையைக் கையிலெடுத்து, “கறையில்லாததாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்பவரிடம் அந்த வெள்ளத்தின் கதையைப் பொறுமையாகச் சொல்வதும் மேற்பார்வையாளரின் வேலைதான். கதையைக் கேட்டபின் சிலர் கறை மிகுந்ததையே தேர்ந்தெடுப்பர்; சிலர் விலையைக் குறைக்கச் சொல்வர்.