உங்களுக்குத் தெரியுமா? உட்கார விடாத மாத்திரை

● மனநோய் மாத்திரை தொடங்கிய சில நாட்களிலோ, டோஸைக் கூட்டியதுமோ சிலரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார்கள். நின்றால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். நோய் முற்றிவிட்டதென்று வீட்டார் பதறுவார்கள். அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். அகதீசியா என்று பெயர்.

● இந்தத் தவிப்பு வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம். அதைச் சொல்லத் தெரியாதவர் எரிந்து விழுவார், கத்துவார், சிலர் கையையும் ஓங்குவார்கள். தற்கொலை எண்ணம் வருவதும் உண்டு. 'முரண்டு பிடிக்கிறார்' என்று அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். மறுபடி முரண்டு, மறுபடி டோஸ். கேஸ் ஷீட்டில் 'வயலன்ட்' என்று எழுதுவது சுலபம். இது என்றைக்குத் தொடங்கியது, அதற்குச் சற்று முன் எந்த மாத்திரை மாறியது என்று விசாரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

● அகதீசியா என்ற பெயர் இந்த மருந்துகளைவிட மூத்தது! பிராக் நகர நரம்பியல் மருத்துவர் லடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல் வைத்தது. இவ்வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் மனநோய்க்கு வந்ததோ 1952இல், பாரிஸில்.

● மூலிகைதானே என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பினும் இதே தவிப்பைத் தருவதை 1950களிலேயே பார்த்துவிட்டார்கள்.

● மனநோயே இல்லாதவருக்கும் வரும். வாந்தியை நிறுத்தப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியும், மனநோய் மருந்துகளைப் போலவே, மூளையில் டோபமைனைத் தடுப்பதுதான். வேகமாக ஏற்றினால், ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டு எழுந்து ஓடத் தோன்றும். மெதுவாக ஏற்றினால் அந்த வாய்ப்பு குறைவு.

● சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களை மனநல மருத்துவமனையில் அடைத்து, இதே தவிப்பைத் தரக்கூடிய ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள். கணித அறிஞர் லியோனித் பிலியூஷ் அவர்களில் ஒருவர். நோயில்லாதவருக்கு அந்த மருந்து சிகிச்சையா, தண்டனையா?

● கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 1989இல் வெளியான பார்ன்ஸ் அளவுகோலின்படி, இரண்டு நிமிடமாவது உட்காரவைத்தும், அதேபோல் நிற்கவைத்தும் பார்த்து, உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும்.

● டோஸைக் குறைப்பார்கள், அல்லது மருந்தை மாற்றுவார்கள். பிரஷருக்குத் தரும் புரோப்ரனோலால் பலருக்குக் கைகொடுக்கிறது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பயந்துபோய் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் பழைய நோய் திரும்பலாம். உட்கார முடியவில்லை என்பதை மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை தள்ளிப்போடாமல் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.