பிளாஸ்டர்ஸுக்கு அடுத்த கோச் யார்? ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வியே வேற!

கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்ற மறுநாள் காலை, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். ஐடி கார்டு தொங்கும் கழுத்துகளுக்கு நடுவே மலையாளமும் தமிழும் கலந்து ஒரே சண்டைதான் ஓடும். "இவனை மாத்தணும்." சரி, மாத்திட்டு யாரைக் கொண்டு வர்றது? அங்கேதான் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

கொச்சி கலூர் ஸ்டேடியத்துக்கு இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்கு இன்னும் தூரம். அரை நாள் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறவர்களுக்கு இந்தச் சண்டை வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஆனால் பெயர்களைப் பற்றியே பேசும்போது முக்கியமான ஒரு விஷயம் விட்டுப்போகிறது.

இதுவரை எத்தனை பேர்?

2014-இல் கிளப் தொடங்கியதிலிருந்து 2025 மார்ச் வரை 10 பேர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், ஸ்டீவ் கோப்பல், ரெனே மியூலென்ஸ்டீன், மறுபடியும் ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஷட்டோரி, கிபு விகுனா, இவான் வுகோமனோவிச், மிக்கேல் ஸ்டாரே, டேவிட் கட்டலா.

10 பேருமே வெளிநாட்டவர்கள். 2014, 2016, 2022 என மூன்று ஐஎஸ்எல் இறுதிப் போட்டிகளில் ஆடியும் கோப்பை கிடைக்கவில்லை. மூன்று சீசன் தாக்குப்பிடித்தவர் வுகோமனோவிச் ஒருவர்தான். மூன்று முறையும் அவர் அணியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

2024-இல் என்ன நடந்தது?

வுகோமனோவிச் 2024 ஏப்ரலில் விலகினார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்த டிமிட்ரியோஸ் டயமண்டகோஸும், நடுக்கள வீரர் ஜீக்சன் சிங்கும் அதே கோடையில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார்கள். 2026 வரை ஒப்பந்தம் போட்டு வந்த ஸ்வீடன்காரர் ஸ்டாரே கையில் கிடைத்தது பாதி மாறிப்போன அணி.

12 போட்டி, 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி. டிசம்பர் 14-ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 3-2 எனத் தோற்ற இரண்டே நாளில் அவரை நீக்கினார்கள். ரசிகர் அமைப்பான மஞ்சப்படை அதற்கு முன்பே நிர்வாகத்துக்கு எதிராகக் கொடி தூக்கியிருந்தது. அவர்களின் கோபம் கோச் மீது மட்டும் இல்லை. அணியைக் கட்டிய விதத்தின் மீதும்தான்.

மேனேஜர் வேறு, கோச் வேறா?

ஆமாம். இந்தச் சண்டையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. அலெக்ஸ் ஃபெர்குசன் 26 வருடம் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்தபோது, எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது என்பதில் அவர் வார்த்தைக்கு இருந்த கனம் பெரியது. நாம் டிவியில் பார்த்துப் பழகிய "மேனேஜர்" அவர்தான்.

இன்று பெரும்பாலான கிளப்களில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. வீரர்களைத் தேடுவதும் ஒப்பந்தம் பேசுவதும் விளையாட்டு இயக்குநர் பொறுப்பு. பிளாஸ்டர்ஸில் 2020 முதல் அந்தப் பதவியில் இருந்தவர் லிதுவேனியாவைச் சேர்ந்த கரோலிஸ் ஸ்கின்கிஸ். பட்ஜெட் முதலாளிகள் கையில். இருக்கிற வீரர்களைப் பயிற்றுவித்து, களத்தில் இறக்குவதுதான் தலைமைப் பயிற்சியாளர் வேலை.

சமையல்காரரை மாற்றுகிறோம், மளிகை வாங்குபவர் அதே ஆள் என்றால் சாப்பாடு எவ்வளவு மாறும்?

ஆனா, கோச்சை மாத்தினதும் ஜெயிச்சாங்களே?

ஜெயித்தார்கள். ஸ்டாரே போனபின் துணைப் பயிற்சியாளர் டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பேற்றார். முதல் போட்டியிலேயே முகமதன் அணியை 3-0 என வீழ்த்தினார்கள். கணக்கைப் பாருங்கள்: ஸ்டாரேயின் 12 போட்டிகளில் 11 புள்ளி. மீதி 12 போட்டிகளில் 18 புள்ளி. அணி 29 புள்ளியோடு எட்டாம் இடத்தில் முடித்தது.

இதே வேகம் 24 போட்டிக்கும் இருந்திருந்தால் 36 புள்ளி. அந்த சீசனில் ஆறாம் இடம் பிடித்து பிளேஆஃபுக்குப் போன மும்பை சிட்டி எடுத்ததும் 36 தான்.

இதை வைத்து "கோச்சை மாத்தினா போதும்" என்று முடிவுகட்ட முடியாது. நெதர்லாந்து லீக்கின் 14 சீசன்களை யான் வான் ஔர்ஸ், மார்ட்டின் வான் டைல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். கோச்சை நீக்கிய அணிகள் அதன்பிறகு நன்றாக ஆடியது உண்மை. ஆனால் அதே மாதிரி சரிவில் இருந்தும் கோச்சை நீக்காத அணிகளும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மீண்டு வந்திருந்தன. தொடர்ந்து தோற்கும் அணி ஒரு கட்டத்தில் எழுந்திருக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் யார் பெஞ்சில் இருக்கிறாரோ, பெயர் அவருக்கு.

அப்போ நம்ம ஊர் கோச்சுக்கு எப்போ வாய்ப்பு?

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்குச் சூடு அதிகம். 2018-இல் 14 வருடம் கழித்து கேரளத்துக்குச் சந்தோஷ் டிராபி வாங்கித் தந்த கோச் சதீவன் பாலன் இந்த ஊர்க்காரர். 2022-இல் மஞ்சேரியில் அதே கோப்பையைக் கேரளம் மறுபடி வென்றபோது கோச் பினோ ஜார்ஜ்.

அதன்பிறகு பினோ ஈஸ்ட் பெங்காலில் துணைப் பயிற்சியாளர் ஆனார். 2024 செப்டம்பர் கடைசியில் கார்லஸ் குவாட்ராட் விலகியதும் இடைக்காலப் பொறுப்பு அவருக்கு வந்தது. சில நாட்களில் ஸ்பெயின்காரர் ஆஸ்கர் புருஸோன் வந்தார். கிளிஃபோர்ட் மிராண்டா 2023-இல் இடைக்காலக் கோச்சாகவே ஒடிசா அணிக்கு சூப்பர் கப் வென்று தந்தார், அதுவும் கோழிக்கோட்டில். ஆனாலும் அடுத்த சீசனுக்கு ஒடிசா நியமித்தது செர்ஜியோ லொபேராவை. புருஷோத்தமனுக்கும் அதேதான், 2025 மார்ச்சில் டேவிட் கட்டலா வந்தார்.

திருவனந்தபுரத்தின் சொந்த அணியான கொம்பன்ஸ்கூட, சூப்பர் லீக் கேரளாவின் முதல் சீசனில் பிரேசில்காரர் செர்ஜியோ அலெக்சாண்டரைத்தான் கொண்டு வந்தது. அடுத்த சீசனில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மெக்அலூன்.

நெருப்பை அணைக்க உள்ளூர்க்காரர். வீடு கட்ட வெளிநாட்டுக்காரர். இதுதான் வழக்கம். இதற்கு கிளப்கள் சொல்லும் காரணத்தையும் ஒதுக்க முடியாது. ஐஎஸ்எல் தலைமைப் பயிற்சியாளருக்கு ஏஎஃப்சி புரோ லைசென்ஸ் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். அது கையில் உள்ள இந்தியர்கள் குறைவு.

ஆனால் இல்லாமல் இல்லை. 2017-இல் ஐசால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய காலித் ஜமீல், 2020-21-இல் பாதியில் பொறுப்பேற்று நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை ஐஎஸ்எல் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். 2025 ஆகஸ்டில் இந்திய தேசிய அணிக்கே கோச் ஆனார். மிராண்டாவைப் பின்னர் சென்னையின் எஃப்சி தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

அடுத்த முறை புதுப் பெயர் வரும்போது என்ன கேட்கலாம்?

முதலில், வீரர்கள் தேர்வில் இவருக்குச் சொல்ல உரிமை உண்டா? கோல் அடித்தவரை விற்றுவிட்டு கோல் எங்கே என்று இவரைக் கேட்கப் போகிறோமா?

இரண்டாவது, எவ்வளவு காலம்? ஒப்பந்தத் தேதி மட்டும் போதாது. ஸ்டாரேயின் காகிதத்திலும் 2026 என்றுதான் இருந்தது.

மூன்றாவது, சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் முழுமையாகக் கிடைக்குமா, நடுவழியில் ஏறுகிறாரா?

நான்காவது, துணைப் பயிற்சியாளராக இருக்கும் இந்தியருக்கு அடுத்த படி என்ன? ஒவ்வொரு முறையும் ஸ்டெப்னி டயர் வேலை மட்டும்தானா?

இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டியது புது கோச் இல்லை, கிளப் நிர்வாகம். பெயருக்காக டீக்கடையில் சண்டை போடுங்கள், தப்பே இல்லை. கால்பந்தின் ருசியே அதுதான். ஆனால் லீவு போட்டு, 200 கிலோமீட்டர் போய் கத்திவிட்டு வருகிறவருக்கு நிர்வாகத்திடம் இந்தக் கேள்விகளைக் கேட்கவும் உரிமை இருக்கிறது.