பாசன மின்சாரத்தின் விலையும் அதைச் செலுத்தும் வகையும்

பாசனக் கிணற்று மின்சாரத்திற்கு விலை யாது என்று ஒருவர் வினவினால், "விலையேது? இலவசமன்றோ!" என்றே நம் குடியானவர்களுட் பெரும்பாலார் விடையளிப்பர். அவ்விடையில் உண்மை உண்டு; எனினும் அது முழு உண்மையன்று. ஒரு பொருளின் விலை எவ்வளவு என்பதோடு, அது எப்பொழுது, எவ்வகையாய், யார் கையினின்றும் செலுத்தப்படுகின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி, அவ்விலை நியாயமானதா என்பது விளங்காது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் அடுத்தடுத்த நிலங்களையுடைய மூன்று குடியானவர்கள் இருப்பதாக ஓர் உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே மண். ஏரி நீர் போதாத காலத்தில் மூவரும் கிணற்றையே நம்புகிறவர்கள். வருஷத்திற்கு 600 மணி நேரம் 5 குதிரைசக்தியுள்ள யந்திரத்தால் நீர் இறைப்பது மூவருக்கும் அவசியம். முதலாமவருடைய தகப்பனார் காலத்திலேயே சாதாரண வரிசையில் மின் இணைப்பு வந்துவிட்டது. அவர் இன்று ஒன்றும் செலுத்துவதில்லை. இரண்டாமவர் வரிசையில் காத்திராமல், தத்கால் என்னும் துரித முறையில் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி இணைப்புப் பெற்றார். மூன்றாமவர் மனுப் பதிந்துவிட்டு, எண்ணெய் எஞ்சினை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இம்மூவருடைய கணக்கைப் பார்ப்போம். முதலாமவருக்குச் செலவு இல்லை. இரண்டாமவர் கட்டிய பணத்திற்கு நூற்றுக்கு 9 வட்டி என்று கொண்டாலும், வருஷத்திற்கு 22,500 ரூபாய் ஆகின்றது. அவருடைய "இலவச" மின்சாரத்தின் உண்மையான விலை அதுவே. மூன்றாமவருடைய எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் டீசல் குடிப்பதாகக் குறைத்துக் கணக்கிட்டாலும், 2024ஆம் வருஷத்தில் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்ற நிலையில், 55,000 ரூபாய்க்குக் குறையாது. அந்த டீசலின் விலைக்குள்ளேயே மத்திய சர்க்காரின் தீர்வையும் ராஜ்ய சர்க்காரின் விற்பனை வரியும் அடங்கியிருக்கின்றன. ஆகவே, மூன்றாமவர் தம் அண்டை நிலத்தாரின் இலவச மின்சாரத்திற்கு வேண்டிய பொக்கிஷத்தில் தாமும் ஒரு பங்கு செலுத்துகிறார் என்று சொல்வது மிகையாகாது. ஒரே நீர், ஒரே நெல், விலையோ மூன்று.

இந்நிலை ஒரே நாளில் உண்டானதன்று. முன்னாளில் பாசன மின்சாரமும் மீட்டரைப் பார்த்து, யூனிட்டுக்கு இத்தனை பைசா என்றே வசூலிக்கப்பட்டது. 1970இல் யூனிட் ஒன்றுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவாக உயர்த்தப்பட்டபொழுது, சி. நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். அவ்வருஷம் ஜூன் 19இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மூன்று விவசாயிகள் உயிர் துறந்தனர். பின்னர் 1 பைசா குறைக்கப்பட்டது. 1972இல் மறுபடியும் கட்டண உயர்வை எதிர்த்து, கோயமுத்தூர் வீதிகளில் மாட்டுவண்டிகளை நிறுத்திப் போராடினர். ஒரு பைசாவுக்காகவா இவ்வளவு என்று பட்டணவாசிகள் வியந்தனர். மாதந்தோறும் சம்பளம் வாங்குபவருக்கு ஒரு பைசா சிறிது; கிணறு வற்றினாலும் பில் தவறாது வரும் குடியானவனுக்கு அது அவ்வளவு சிறிதன்று.

1984இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டு, மற்றவர்களுக்குக் குதிரைசக்தியைக் கொண்டு வருஷக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1990இல் எல்லாருக்கும் இலவசம் என்று ஆயிற்று. 2003இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவு வந்தபொழுது அச்சலுகை நீங்கியது. சிறு குறு விவசாயிகளுக்கு மாத்திரம் சர்க்கார் மணியார்டர் மூலம் உதவித்தொகை அனுப்பிற்று. 2004 மே மாதத்தில் இலவசம் மீண்டும் வந்தது.

அந்த 2003ஆம் வருஷத்து உத்தரவில் நம் விஷயத்திற்கு மிகவும் பொருத்தமான ஓர் அம்சம் உண்டு. மீட்டர் வைத்துக்கொள்பவர் யூனிட்டுக்கு 20 பைசா கொடுக்கலாம். மீட்டர் இல்லாதவர் குதிரைசக்தி ஒன்றுக்கு வருஷத்திற்கு 250 ரூபாய் கொடுக்கலாம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இரண்டும் சமம் போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படியன்று. 250 ரூபாய்க்கு 20 பைசா வீதம் 1,250 யூனிட்டுகள் ஆகின்றன. ஒரு குதிரைசக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 0.9 யூனிட் இழுக்கும். ஆகவே வருஷத்தில் சுமார் 1,400 மணி நேரம் ஓடினால்தான் இரு வகைகளும் சரியாக நிற்கும். ஏரிப் பாசனத்திற்குத் துணையாக 600 மணி நேரம் மாத்திரம் 5 குதிரைசக்தி மோட்டாரை ஓட்டும் நம் குடியானவர், மீட்டர்ப்படி 540 ரூபாயும், குதிரைசக்திப்படி 1,250 ரூபாயும் கொடுக்க நேரிடும். கரும்பும் வாழையும் பயிரிட்டு 2,000 மணி நேரம் ஓட்டுபவருக்கோ மீட்டர்ப்படி 1,800 ரூபாய். குதிரைசக்திப்படி அதே 1,250 ரூபாய்தான். நீர் குறைவாக எடுப்பவர், நீர் மிகுதியாக எடுப்பவரின் பாரத்தைச் சுமக்கும்படி செய்வதே குதிரைசக்திக் கட்டணத்தின் இயல்பு.

அப்படியிருந்தும் மீட்டரை நம் ரயத்துகள் விரும்பவில்லை. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. இன்று மீட்டர் வந்தால் நாளை கட்டணம் வரும் என்பது அவர்களுடைய அச்சம். 1970ஐயும் 2003ஐயும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அவ்வச்சம் ஆதாரமற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்பொழுது கட்டணத்தைக் குடியானவருக்குப் பதிலாக சர்க்கார் செலுத்துகிறது. மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவுப்படி, எந்த வகுப்பாருக்காவது சலுகை தர விரும்பும் ராஜ்ய சர்க்கார் அத்தொகையை முன்னதாகவே வாரியத்திற்குச் செலுத்த வேண்டும். 2024-25ஆம் வருஷத்து வேளாண் வரவு செலவுத் திட்டத்தில் சுமார் 23 லட்சத்து 51 ஆயிரம் பாசன இணைப்புகளுக்காக 7,280 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சராசரியாக இணைப்பு ஒன்றுக்கு வருஷத்திற்கு 31,000 ரூபாய். ஆனால் சராசரி என்பது சமமன்று. மீட்டரில்லாத இணைப்புகளுக்குத் தொகை குதிரைசக்தியைக் கொண்டே கணக்கிடப்படுவதால், 3 குதிரைசக்தித் திறந்த கிணற்றுக்காரருக்கு ஒரு பங்கு என்றால், 15 குதிரைசக்தி ஆழ்குழாய்க் கிணற்றுக்காரருக்கு ஐந்து பங்கு. ஆழத்திற் போய் நீரை உறிஞ்சுபவருக்கே மிகுந்த உதவி கிடைக்கிறது. அதனால் அண்டைக் கிணறு வற்றினால், வற்றிய கிணற்றுக்காரருக்கு ஈடு எதுவுமில்லை.

தத்கால் முறையில் இவ்வேற்றுமை நேர்மாறாகத் தோன்றுகிறது. அதில் 5 குதிரைசக்திக்கு 2 லட்சத்து 50 ஆயிரம், 7.5க்கு 2 லட்சத்து 75 ஆயிரம், 10க்கு 3 லட்சம், 15க்கு 4 லட்சம் ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். குதிரைசக்தி ஒன்றுக்குப் பார்த்தால், சிறியவர் கட்டுவது 50,000 ரூபாய். பெரியவர் கட்டுவது 26,667 ரூபாய். கம்பமும் கம்பியும் நடும் செலவு மோட்டாரின் அளவைக் கொண்டு அதிகம் மாறுவதில்லை என்று வாரியத்தார் சொல்லக்கூடும். அது மெய்யே. ஆனால் கம்பம் நட்டபின், வருஷந்தோறும் மும்மடங்கு மின்சாரம் 15 குதிரைசக்திக்காரருக்கன்றோ போகிறது! முன்பணத்தையும் பின்வரும் சலுகையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில், சிறு நிலத்தாரே இரு வழியிலும் நஷ்டமடைகிறார் என்பது எம் அபிப்பிராயம்.

காத்திருப்போர் வரிசை சிறியதன்று. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய பாசன இணைப்புகள் அறிவிக்கப்பட்டபொழுது, ஏறக்குறைய நாலரை லட்சம் மனுக்கள் நிலுவையில் இருந்தன. அந்த ஒரு லட்சம் கொடுத்து முடிந்தபின், 2022இல் மேலும் 50,000 அறிவிக்கப்பட்டன. காத்திருக்க விரும்பாதவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் வாயிலாகச் சூரியசக்திப் பம்புகள் நூற்றுக்கு 60 மானியத்துடன் வழங்கப்பட்டு வந்துள்ளன. மீதி 40ஐ முதலிலேயே கையிலிருந்து கொடுக்க வேண்டும். அங்கும், ரொக்கம் உள்ளவருக்கே வழி முதலில் திறக்கிறது.

பணம் செலுத்தும் வகையால் விலை வேறுபடுவது நம் நாட்டில் மாத்திரம் நிகழ்வதன்று. பிரிட்டனில் ஏழைக் குடித்தனக்காரர் பலருடைய வீடுகளில், முன்பணம் போட்டால் மட்டுமே மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்கள் உள்ளன. அம்மீட்டர்களைப் பராமரிக்கும் செலவு அதிகம் என்ற காரணத்தால், வங்கிக் கணக்கினின்று மாதந்தோறும் தாமாகவே பணம் போகும்படி செய்திருந்த வசதியுள்ளோரைவிட, அவ்வேழைகளே கூடுதலாகக் கொடுத்து வந்தனர். 2024 ஏப்ரலில் அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை நிறுவனமாகிய ஆப்ஜெம், இரு சாராருக்கும் நிலைக் கட்டணத்தைச் சமப்படுத்திற்று. முன்பணக்காரருக்கு வருஷத்திற்குச் சுமார் 49 பவுன் குறைந்தது. வங்கி வழியில் கட்டுவோருக்குச் சுமார் 10 பவுன் கூடிற்று. பில் வந்தபின் கட்டுவோர் மாத்திரம் இன்னமும் அதிகம் கொடுத்து வந்தனர்.

நம் தேசத்தில் வழக்கம் இதற்கு எதிர்மாறானது. பீகாரில் முன்பண மீட்டர் வைத்துக்கொள்பவருக்கு நூற்றுக்கு 3 தள்ளுபடி தரப்பட்டது. மேலும் மின்சாரச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, முன்பண மீட்டருக்குச் சம்மதிப்பவரிடம் ஈட்டு வைப்புத்தொகை கேட்க இடமில்லை. மற்றவர்களிடம் வாங்கிய வைப்புத்தொகைக்கு வட்டி கொடுத்தாக வேண்டும். முன்னதாகப் பணம் வந்தால் வாரியத்திற்குப் பாக்கி இல்லை, வசூல் செலவு இல்லை. ஆகையால் தள்ளுபடி நியாயமே. ஒரு வகையினால் எவ்வளவு செலவு கூடுகிறதோ குறைகிறதோ அவ்வளவிற்கே விலையும் வேறுபடலாம். அதற்குமேல் வேறுபட்டால் அது ஒருவர் வசதிக்காக மற்றொருவரை வருத்துவதாகும்.

ஆயினும் முன்பணம் என்னும் ஏற்பாடு குடியானவருடைய வாழ்க்கைக்கு ஒத்ததன்று. அவர் கையில் பணம் வருவது அறுவடையில். செலவு வருவது நடவிலும் களையெடுப்பிலும். நிலவரிக் கிஸ்தியையே அறுவடையை அனுசரித்து வைத்தார்கள் என்பதைக் கிராம அதிகாரிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மத்திய சர்க்காரின் முன்பண மீட்டர்த் திட்டத்தில் பாசன இணைப்புகளை விலக்கி வைத்தது இக்காரணத்தாலும் பொருத்தமானதே. தத்கால் தொகையையும் ஒரே தடவையில் கேட்காமல், நாலைந்து அறுவடைக் கிஸ்திகளாக வாங்கினால், நகையை அடகு வைக்காமலே பலர் இணைப்புப் பெறுவர். விகிதத்தையும் மோட்டாரின் அளவுக்கு இசைய மாற்றுதல் வேண்டும்.

சலுகை உரியவரைச் சேராமற்போகும் இடங்கள் வேறும் உண்டு. பிள்ளையார்பாளையம் முதலிய இடங்களில் கைத்தறி நெய்வோருக்கு, 2023 முதல் இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் வரை இலவசம் என்று விதி. சொந்த வீட்டில் தறி போட்டிருப்பவருக்கு இது நேராகக் கிடைக்கும். வாடகை வீட்டில் நெய்பவரிடம், வீட்டுக்காரர் உள்மீட்டர் ஒன்றை வைத்துத் தாமே ஒரு விலை சொல்லி வாங்கினால், சர்க்கார் கொடுத்த சலுகை வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது.

கிராமத்திலும் இதே கதைதான். கிணறில்லாத குத்தகைதாரர் கிணற்றுக்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்றோ, விளைவில் ஒரு பங்கு என்றோ பேசி நீர் வாங்குகிறார். கிணற்றுக்காரருக்கு மின்சாரம் இலவசமாக வந்தாலும், நீரின் விலையில் அது தெரிவதில்லை. மீட்டர் வைத்தால் சரியாகும் என்றும் துணிந்து சொல்லிவிட முடியாது. மேற்கு வங்காளத்தில் 2007 முதல் பாசனக் குழாய்க் கிணறுகளுக்கு மீட்டர் வைத்தபொழுது, கிணற்றுக்காரர்கள் பலருக்குக் கட்டணம் குறைந்தது. ஆனால் அவர்களிடம் நீர் வாங்கியவர்களுக்குப் பல இடங்களில் மணி விலை ஏறிற்று. முன்பு நிலையான தொகையைக் கட்டிய கிணற்றுக்காரர், அதை ஈடுகட்ட நீரை விற்கும் ஆவலோடிருந்தார். மீட்டர் வந்தபின் அந்த அவசரம் அவருக்கு இல்லாமற் போயிற்று. பஞ்சாபில் 2018இல் தொடங்கிய ஏற்பாடு வேறு வகை: நிர்ணயித்த அளவிற்குக் குறைவாக மின்சாரம் எடுப்பவருக்கு, மிச்சமான யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் சர்க்காரே கொடுத்தது. கட்டணம் என்ற பேச்சின்றி மீட்டரை ஏற்கச் செய்ய அது ஒரு வழி. நம் ஜில்லாவிலும், மனமுவந்து முன்வருவோரைக் கொண்டு ஒரு மின்மாற்றிக்கு உட்பட்ட கிணறுகளில் மாத்திரம் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு இதில் ஒரு நேரான கடமை உண்டு. பாசன இணைப்பு மனுவோடு, நிலமும் கிணறும் இன்னாருக்கு உரியவை என்ற அவர்களுடைய சான்றிதழும், சர்வே எண்ணும், கிணற்றின் இடத்தைக் காட்டும் வரைபடமும் சேர வேண்டும். கூட்டுப் பட்டாவில் பங்காளிகளின் சம்மதம் இல்லாமலும், இறந்துபோனவர் பெயரிலேயே பட்டா நிற்பதாலும் மனுக்கள் முடங்கிக் கிடப்பதுண்டு. மனுப் பதிந்துள்ள குடியானவர்கள் தங்கள் பதிவு எண்ணையும் தேதியையும் பத்திரப்படுத்திக்கொண்டு, பட்டா மாறுதலை முறை வருவதற்கு முன்னரே முடித்துக்கொள்வார்களாக. முறை வந்து, வாரியத்தாரின் கடிதம் கைக்குக் கிடைத்தபின் பங்காளியைத் தேடிப் புறப்படுவது காலதாமதத்திற்கே இடமாகும்.