வெப்பத்தைச் சுமக்கும் இயந்திரம்



கிள்ளான் நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருக்கும் பண்டமாரான், அவசரகாலத்தின்போது உருவான புதுக்கிராமங்களில் ஒன்று. கிள்ளான் வட்டாரத்தில் அன்று ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று தொடர்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது இந்த வீடுகளில் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் குடியிருக்கிறார்கள்.

லயத்தைச் சுற்றி மரநிழல் இருந்தது. தொடர்வீட்டுக்கோ இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். காற்று வரும் வழி முன்னும் பின்னும் மட்டுமே. பகலில் 33 பாகை வெயிலைக் குடித்த கூரை, இரவு பத்து மணிக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். வயதான பாட்டி தூங்க முடியாமல் வாசலில் வந்து உட்காருகிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வியர்வையில் புரளுகிறார்கள். அப்போதுதான், "ஏர்கோன் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

கடைக்குப் போனால், "மூன்று அறைக்கும் சேர்த்து வெளியே ஒரே பெட்டி போதும்" என்று சொல்கிறார்கள். மாதத் தவணையும் கட்டலாம் என்கிறார்கள். இது நமக்கு ஏற்றதுதானா? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இந்த இயந்திரம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிர்சாதனம் குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. தோட்டத்தில் பால் சுமந்தவர்களை நினைத்துப் பாருங்கள். காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தவர் பாலை உண்டாக்கவில்லை. மரத்தடியில் சேர்ந்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குளிர்சாதனமும் அப்படிப்பட்ட ஒரு சுமையாள்தான். அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெப்பம் போய்விட்டால் மிஞ்சுவது குளிர்ச்சி.

எப்படிச் சுமக்கிறது? கையில் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் தடவினால் அது ஆவியாகும்போது கை சில்லிடுகிறது அல்லவா? திரவம் ஆவியாகும்போது பக்கத்திலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறது. வாயுவை அழுத்தினால் அது சூடேறும். இந்த இரண்டு விஷயங்களும் தெரிந்தால் போதும். செம்புக் குழாய்க்குள் ஒரு திரவம் ஓடுகிறது. இந்நாளில் பெரும்பாலும் பயன்படும் ஆர்32 என்னும் திரவம், சாதாரண காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 52 பாகையிலேயே கொதித்துவிடும். அறைக்குள் இருக்கும் உள்பெட்டியில் அது ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. சூடேறிய ஆவி, வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய வழியாகப் புகுந்து அழுத்தம் குறைந்து, வெறும் வாளியோடு திரும்பும் சுமையாளைப் போல அறைக்குள் வருகிறது.

இனி வேடிக்கையான ஒரு செய்தியைச் சொல்லுவோம். இந்தத் திரவத்தின் ஓட்டத்தைத் திருப்பிவிட்டால், அதே இயந்திரம் வெளியிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொட்டும்! குளிர்நாடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே இதற்கு வெப்ப ஏற்றி என்று பெயர். 1852-ஆம் ஆண்டிலேயே, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், இப்படி வீட்டைச் சூடாக்க முடியும் என்று எழுதினார். 1938-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபத்தை, பக்கத்தில் ஓடும் லிம்மத் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடாக்கினார்கள்.

நோர்வே நாட்டின் வட கோடியில் பின்மார்க் என்று ஒரு பகுதி உண்டு. 1980-களில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் அங்கே மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். பனிக்காலத்தில் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும் நாடு அது. அங்கே வீட்டைச் சூடாக்காமல் உயிர் வாழ முடியாது. முன்பு விறகும் எண்ணெயும் சாதாரண மின்சார ஹீட்டரும் அந்த வேலையைச் செய்தன. கனிம எண்ணெய் எரித்துக் கட்டடங்களைச் சூடாக்குவதை நோர்வே அரசாங்கம் 2020 முதல் தடை செய்துவிட்டது. இன்று அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெப்ப ஏற்றியைப் பயன்படுத்துகின்றன.

"பனி கொட்டும் காற்றில் வெப்பம் ஏது?" என்று கேட்கத் தோன்றும். நமக்குத்தான் அது குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 52 பாகையில் கொதிக்கும் திரவத்துக்கு, கீழே 10 பாகையில் இருக்கும் காற்றும் சுடுகாற்றுதான்! அதிலிருந்தும் அது வெப்பத்தை வாங்கும். ஒரு யூனிட் மின்சாரம் சாதாரண ஹீட்டரில் ஒரு யூனிட் வெப்பத்தையே தரும். வெப்ப ஏற்றியோ மிதமான குளிரில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை வீட்டுக்குள் சேர்க்கும். மின்சாரம் சுமைகூலி மட்டுமே; சரக்கு வெளிக்காற்றிலிருந்து வருகிறது. ஆனால் குளிர் கூடக்கூடச் சுமக்கும் தூரமும் கூடுவது போல் ஆகிவிடும். கடுங்குளிரில் மூன்று இரண்டாகக் குறையும்.

இங்கேதான் பண்டமாரானுக்கும் பின்மார்க்குக்கும் பொதுவான பாடம் இருக்கிறது. கூலி, சுமையைப் பொறுத்தது. சுமையைக் குறைத்தால் மின்கட்டணம் குறையும். நோர்வேக்காரர் வெப்ப ஏற்றி வாங்குமுன் கதவிடுக்கை அடைக்கிறார். சுவருக்குள் பஞ்சுத் தடுப்பு வைக்கிறார். வீட்டிலுள்ள வெப்பம் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. வெளி வெப்பம் உள்ளே வராமல் இருக்க வேண்டும் என்பது நம் கவலை. உச்சி வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையிலும் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெப்பத் தடுப்புப் பஞ்சோ பளபளக்கும் தகடோ விரித்தால், மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே நிழல் செய்தால், பாதி யுத்தம் அங்கேயே முடிந்துவிடும். சில வீடுகளில் இதற்குப் பிறகு மின்விசிறியே போதும் என்று ஆகிவிடுவதும் உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு குதிரைசக்திக் குளிர்சாதனம், கம்ப்ரசர் ஓடும்போது மணிக்குச் சுமார் 0.8 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரவில் எட்டு மணி நேரம் ஓயாமல் ஓடினால் 6.4 யூனிட். முப்பது நாளுக்கு 192 யூனிட். யூனிட்டுக்கு 40 சென் என்று கணக்கிட்டால் 76 வெள்ளி 80 சென். மூன்று அறைக்கும் அப்படியே என்றால் 230 வெள்ளி 40 சென். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பணம் குளிருக்கே போய்விடும். தவணைப் பணம் வேறு. கூரைச் சூட்டைத் தடுத்து, 24 பாகைக்குக் குறையாமல் வைத்து, கம்ப்ரசர் பாதி நேரமே ஓடும்படி செய்தால் இந்தத் தொகையும் பாதியாகும். உங்கள் மின்கட்டணச் சீட்டிலுள்ள விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். கடையில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள். நட்சத்திரம் கூடுதலாக இருந்தால் அதே குளிர்ச்சிக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும்.

அடுத்து, ஒரே வெளிப்பெட்டியா, தனித்தனியா? மூன்று அறைக்கும் ஒரே வெளிப்பெட்டி வைப்பதில் நன்மை உண்டு. தொடர்வீட்டில் வெளிப்பெட்டி வைக்க இடம் குறைவு. ஒன்று என்றால் அடங்கிவிடும். ஒவ்வோர் அறையிலும் வேண்டிய பாகையைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று குறைகளை மறக்கக்கூடாது. முதலாவது, வெளிப்பெட்டி பழுதானால் மூன்று அறையும் நின்றுவிடும். நோர்வேயில் இப்படி நின்றால் வீடே உறையும். ஆகவே பலர் பழைய விறகு அடுப்பைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, மூன்று அறைக்கென வாங்கிய பெரிய கம்ப்ரசரை ஒரே அறைக்காக ஓட்டினால், அது ஓடுவதும் நிற்பதுமாக மின்சாரத்தை வீணாக்கும். ஒரு வாளிப் பாலுக்கு லாரி அனுப்புவது போன்ற கதை அது. மூன்றாவது, மூன்று உள்பெட்டிகளின் மொத்த ஆற்றல் வெளிப்பெட்டியின் ஆற்றலைவிடக் கூடுதலாக இருக்கலாம். எல்லாம் ஒன்றாக ஓடும்போது ஒவ்வோர் அறைக்கும் பங்கு குறையும்.

ஆகவே நாம் இப்படி முடிவு செய்யலாம். தினமும் மூன்று அறையிலும் ஆட்கள் ஒரே நேரத்தில் தூங்குகிறார்கள், வெளியே இடமும் இல்லை என்றால் கூட்டுப்பெட்டி ஏற்றது. பாட்டியும் பிள்ளைகளும் படுக்கும் ஒரே அறைக்குத்தான் அவசியம் என்றால், அந்த ஓர் அறைக்கு இன்வர்ட்டர் வகைச் சிறு குளிர்சாதனம் ஒன்று போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி படுக்கையறைக்குப் பொதுவாக ஒரு குதிரைசக்தி, அதாவது சுமார் 9,000 பி.டி.யு., போதுமானது. நோர்வேயிலும் பல வீடுகளில் கூடத்தில் ஒரே ஓர் உள்பெட்டிதான் இருக்கிறது.

எதை வாங்கினாலும், அதன் ஆயுள் பொருத்தும் நாளில்தான் நிர்ணயமாகிறது. வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று கவனிப்பது நல்லது.

வெளிப்பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். சுடுகாற்று அண்டை வீட்டார் சன்னலுக்குள் அடிக்கக்கூடாது. நம் அறையிலிருந்து நாம் எடுத்த வெப்பத்தை அவர் தலையில் கொட்டுவது நியாயமா? துறைமுகத்துப் பக்கத்து உப்புக் காற்று தகடுகளை அரிக்கும். அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பின்மார்க்கிலோ வெளிப்பெட்டியைப் பனிக்குவியலுக்கு மேலே உயரமான தாங்கியில் வைக்கிறார்கள். அதில் படியும் பனியை உருக்க இயந்திரம் அவ்வப்போது சில நிமிடம் தன் ஓட்டத்தைத் தானே திருப்பிக்கொள்ளும்.

ஒவ்வோர் அறைக்கும் இரண்டு செம்புக் குழாய்கள் வரும். இரண்டுக்கும் தனித்தனியே உறை போட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வியர்த்துச் சுவரெல்லாம் ஈரமாகும். இணைப்புகளில் கசிவு உண்டா என்று நைட்ரஜன் வாயுவை அடைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். ஈரம் உள்ளே தங்கினால் கம்ப்ரசர் சீக்கிரமே கெட்டுவிடும். "பம்பு கொண்டுவந்திருக்கிறீர்களா, அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள், தவறில்லை. ஆர்32 தீப்பற்றக்கூடியது, ஆகவே தெரிந்தவர் கைதான் அதைத் தொட வேண்டும்.

உள்பெட்டியில் சேரும் தண்ணீர் வெளியேறும் குழாய் சரிவாக இறங்க வேண்டும். மின்சாரத்துக்குத் தனி வயரும் தனித் துண்டிப்பானும் வேண்டும். மின்விசிறி வயரில் ஒட்டுப்போட்டுக் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் எடுப்பது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். பழைய மலிவு வீடுகளில் வயரிங்கையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தரைக் கம்பி இருக்கிறதா, மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்பதைப் பதிவு பெற்ற வயர்மேன்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கொடுக்கும் கூலி உயிருக்குக் கொடுக்கும் காப்பு.

பொருத்திய பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்பெட்டியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அதைப் பிள்ளைகளே செய்யலாம். பகலில் சன்னலைத் திறந்து அறைக்குள் புதுக்காற்றை விடுங்கள்.

ஆகவே, நேயர்களே, கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் மத்தியானம் வீட்டைச் சுற்றி வந்து, வெயில் எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்று பாருங்கள். எந்த அறையில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். சுமை எவ்வளவு என்று தெரிந்தவருக்குக் கூலி எவ்வளவு என்பதும் தெரியும்.