கூலண்ட் ஊற்றினால் சூடு குறையுமா?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் கார்களை இன்றும் நம் திருச்சியில் காணலாம். சித்திரை வெயிலில், சிந்தாமணியிலிருந்து காவிரிப் பாலத்தில் ஊர்ந்து ஸ்ரீரங்கம் சேர்வதற்குள் ஆவி கக்கி நின்றுவிடுவதும் உண்டு. "கூலண்ட் ஊற்றுங்கள், சூடு குறையும்" என்பார்கள். இது பாதி உண்மையே.

சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் ஏது? கூலண்டிலுள்ள எதிலீன் கிளைக்கால் அதைவிடக் குறைவாகவே சுமக்கும். ஆனால் தண்ணீருடன் சரிபாதி கலந்தால், 100 டிகிரிக்குப் பதில் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். உடன் சேர்க்கப்படும் மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. பழைய காருக்கு அதுவே பெரிய நன்மை. வெந்நீர்ப் பானையில் படிவதுபோல், உப்புத் தண்ணீரால் ரேடியேட்டர் குழாய்களிலும் பொருக்குப் படிந்து, சூடு வெளியேற வழியின்றிப் போகிறது. அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை டப்பா ஊற்றினாலும் வீண் செலவுதான். சுத்தம் செய்தபின், காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்ற வேண்டும்.

எதிலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய நஞ்சு. தம்பி தங்கையர் கைக்கு எட்டாத இடத்தில் டப்பாவை வைப்போம். கார் கொதித்து நின்றால், எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்க அப்பாவை விடக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.