சூடு ஆறுமுன் அடுத்த கைக்கு!

ஹௌரா பாலம் காட்டும் கூட்டு வேலை

(நமது கல்கத்தா நிருபர்)

ஹௌரா ஸ்டேஷனில் இறங்கிய நம்மவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவுக்குள் காலெடுத்து வைத்தது ஹௌரா பாலத்தின் வழியாகத்தான். 1936-ல் தொடங்கி 1942-ல் கட்டி முடித்த பாலம் அது. 1943 பிப்ரவரி 3-ந் தேதி திறக்கப்பட்டது. ஜப்பானியர் குண்டு வீச்சுக்குப் பயந்து, விழா இல்லாமலே திறந்தார்கள்.

பாலத்தில் ஏறிய எஃகு 26,500 டன். அதில் 23,000 டன் டாடா ஆலை கொடுத்தது. இத்தனை எஃகையும் நட்டு, போல்ட்டு போட்டு முடுக்கவில்லை. ரிவெட் ஆணி அடித்தே இணைத்தார்கள்.

நால்வர் வேலை

ரிவெட் அடிப்பது தனி ஆள் வேலையல்ல. வழக்கமாக நால்வர் வேண்டும். ஒருவர் உலையில் ஆணியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார். அடுத்தவர் அதை வாங்கித் துளையில் செருகுவார். மூன்றாமவர் ஆணியின் தலைக்கு முட்டுக் கொடுப்பார். நாலாமவர் மறுபக்கம் சம்மட்டியால் அடித்து இன்னொரு தலை எழுப்புவார். சூடாக அடித்த ஆணி, ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிக் கொள்ளும். நடுவில் ஒருவர் தாமதித்தால் ஆணி ஆறிப்போகும். மற்ற மூவர் உழைப்பும் வீண்.

அதனால்தான் சீமையிலே கப்பல் கட்டும் தளங்களில், அடித்து முடித்த ஆணிகளை எண்ணிக் குழுவுக்கே கூலி கொடுத்தார்கள். காய்ச்சிய ஆணிக்குத் தனிக் கணக்கு இல்லை.

நம் மேஜைக் கணக்கு

ஆபீசில் என்ன நடக்கிறது? ஓய்வு பெறப் போகிறவரின் பென்ஷன் காகிதத்தை எடுத்துக் கொள்வோம். ஒருவர் சர்வீஸ் கணக்கெடுக்கிறார். ஒருவர் தொகை போடுகிறார். ஒருவர் சரி பார்க்கிறார். அதிகாரி கையெழுத்திடுகிறார். கேட்டால், "என் மேஜையில் பாக்கி இல்லை" என்பார் ஒவ்வொருவரும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தேதி விடுபட்டதென்று காகிதம் மூன்று முறை திரும்பி வந்திருக்கும். ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்த பெரியவர் வராந்தாவில் காத்திருப்பார்.

ஆகவே பார்க்க வேண்டியது மேஜைக் கணக்கல்ல, முடிந்த காகிதத்தின் கணக்கு. அடுத்த மேஜைக்காரருக்கு என்ன தேவை என்று தெரிந்து, அதையும் சேர்த்து அனுப்புகிறவரே நல்ல கூட்டாளி. லீவு போடுமுன், எந்தக் காகிதம் எங்கே நிற்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்துப் போனால் பாதித் தொல்லை தீரும்.

"எனக்கு வங்காளி சரளமாக வராது" என்று ஒதுங்கி உட்காரும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்மட்டிச் சத்தத்தில் எந்தப் பாஷையும் காதில் விழாது. அங்கே நால்வரையும் சேர்த்து வைப்பது கைஜாடையும் பழக்கமும்தான். பக்கத்து மேஜைக்கு எழுந்து போய், "தாதா, இதில் வேறென்ன வேண்டும்?" என்று அரைகுறையாகக் கேட்டாலே போதும், காகிதம் திரும்பி வராது.

இரண்டு கரை

ஹௌரா பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் நீட்டிக் கொண்டே வந்து, நடு ஆற்றுக்கு மேல் சேர்த்தார்கள். அந்த இணைப்புக்கு மட்டும் தலா 800 டன் திறனுள்ள 16 ஹைட்ராலிக் ஜாக்கிகள் வைத்தார்கள். கட்டுவதைவிடச் சேர்ப்பதில் கவனம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். செக்ஷனை நடத்தும் பெரியவர்களும் மேஜைக்கும் மேஜைக்கும் நடுவே உள்ள அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். காகிதம் ஆறிப்போவது அங்கேதான்.